ஒரே நாளில் இரண்டு கெடு

வக்கீல் குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் ஒரு பதில் வைத்திருந்தேன்: கோர்ட்டில் பேசுவது வக்கீல், மற்றதெல்லாம் குமாஸ்தா. மனுவைத் தைப்பது, ஸ்டாம்பு ஒட்டுவது, கோர்ட்டில் கொண்டுபோய்த் தாக்கல் செய்வது, வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது, கட்சிக்காரர் அழுதால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்த ஆபீஸில் ஒன்பது வருஷம் இதைத்தான் செய்தேன். என் வக்கீல் சார் சட்டத்தில் புலி. ஆனால் தன் கறுப்புக் கோட்டு எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை என்னைக் கேட்டுத்தான் எடுப்பார்.

எனக்கு வக்கீலாகும் ஆசை லட்சியத்தால் எல்லாம் வரவில்லை. கோபத்தால் வந்தது. ஒருநாள் வாதத்தின் நடுவில் சார் ஒரு பத்திரத்தின் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டார். பின்னால் வழக்குக் கட்டோடு நின்றிருந்த நான் சரியான தேதியை எடுத்துக் கொடுத்தேன், கொஞ்சம் சத்தமாகவே. நீதிபதி நிமிர்ந்து, "யார் அது?" என்றார். "எங்க குமாஸ்தா" என்றார் சார். "பேசாம நிக்கச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. தேதி என்னவோ நான் சொன்னதுதான். தீர்ப்பில் அதுதான் வந்தது, சார் சுட்டிக்காட்டியதாக. அன்று சாயங்காலம் செம்பாக்கத்து வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மனைவியிடம், "நானும் கோட்டு மாட்டப் போறேன்" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மாட்டுங்க. யாரு வேணாம்னாங்க?" என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பி.ஏ.வைத் தபால் வழியில் முடித்து வைத்திருந்தேன். மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நான் விண்ணப்பித்த தேர்வுக்கு வயது வரம்பு முப்பது. எனக்கு இருபத்தொன்பது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் இன்னொருவர் பின்னால் கட்டு தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டமாட்டார். ஆனால் நான் போய்விட்டால் அவர் திண்டாடிவிடுவார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இடம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தேர்வுக்கான கைடு ஒன்றைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிடித்தேன். பழைய மின்விசிறி, கதவுக் கீல், உடைந்த தையல் மிஷின் இதற்கெல்லாம் நடுவில் அது கிடந்தது. முன்னால் அதை வைத்திருந்த புண்ணியவான் எல்லாக் கேள்விக்கும் பேனாவால் டிக் அடித்திருந்தான். பாதி தப்பு. ஆங்கிலமும் பொது அறிவும் நானே படித்துக்கொள்வேன். செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போகும் ரயிலில் கூடுவாஞ்சேரி வருவதற்குள் இருபது கேள்வி முடித்துவிடலாம். எனக்கு உதைத்தது சட்ட அறிவுப் பகுதிதான். சிரிக்காதீர்கள், உண்மை. ஒன்பது வருஷம் கோர்ட்டிலேயே கிடந்தவனுக்குச் சட்ட அறிவில் மார்க் வரவில்லை.

அதில் ஒரு விதியைக் கொடுப்பார்கள். பிறகு ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். கொடுத்த விதியை மட்டும் அந்தச் சம்பவத்தின் மேல் வைத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த உலக நடப்பு எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கைடைப் படிப்பாள். பழைய டிக்கைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வாள்.

"விதி: ஒருவர் வளர்க்கும் கால்நடை அடுத்தவர் நிலத்தில் புகுந்து சேதம் செய்தால், வளர்ப்பவரே அதற்குப் பொறுப்பு. சம்பவம்: ஒருவருடைய ஆடு பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து வாழைக்கன்றைத் தின்றுவிட்டது. ஆட்டுக்காரர் பொறுப்பா?"

"தோட்டத்துக்குப் பட்டா இருக்கா?"

"அதெல்லாம் போடலைங்க."

"பட்டா இல்லாம எப்படிச் சொல்றது? ஆடு அவனோடதுதான்னு சொல்ல சாட்சி யாரு?"

"ஏங்க, ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சாதம் குழையுது."

"இந்தக் கேஸ் கோர்ட்டுல பதிவாகி நம்பர் ஆகறதுக்குள்ள அந்த ஆடு செத்தே போயிருக்கும்."

"செத்தா சாவட்டும். பதில் 'ஆமாம்'. அவ்வளவுதான். எட்டாவது படிச்ச எனக்குத் தெரியுது, கோர்ட்டுக்காரருக்குத் தெரியல."

இப்படித்தான் போயிற்று இரண்டு மாதம். கொஞ்சம் கொஞ்சமாகக் குமாஸ்தா புத்தியை ஓரம் கட்டக் கற்றுக்கொண்டேன்.

விண்ணப்பப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து நிரப்பினேன். முகவரிக்கு ஆபீஸைத்தான் கொடுத்தேன். செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் தெருவுக்கு அப்போது சரியான பேரும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. தபால்காரர் மூலைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆபீஸில் தபாலைப் பிரிப்பது நான்தானே, அதனால் சாருக்குத் தெரியவும் வராது என்று கணக்குப் போட்டேன். எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பி, சான்றிதழ்களை இணைத்து, மறுநாள் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். பிள்ளையாரை இரண்டு சுற்று சுற்றியதுகூட ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு மீன்காரம்மாவின் வழக்கு இருந்தது. கடலோரக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். புருஷன் இறந்து ஏழெட்டு வருஷம். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பார். வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நான் அவரை அக்கா என்பேன். அந்த வீடு தன்னுடையது என்று அவருடைய புருஷனின் அண்ணன் வழக்குப் போட்டு, கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தும் விட்டான். அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு. முப்பது நாளுக்குள் செங்கல்பட்டில் இருந்த மேல் கோர்ட்டில் அப்பீல் போட்டுத் தடை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட் அமீனா வந்து சாமான்களை வெளியே வைத்துவிடுவார்.

எங்கள் ஆபீஸில் எல்லாமே கடைசி நாள்தான். சாருக்குக் கெடு கழுத்துக்கு வந்தால்தான் பேனா ஓடும். அக்காவின் அப்பீலுக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பயம் வந்து, நாள் கணக்கைச் சரிபார்க்கத் தீர்ப்பின் நகலை வியாழக்கிழமை வீட்டுக்கே எடுத்துப் போனேன். அந்த நகலின் பின்பக்கத்தில் எப்போது கேட்டது, எப்போது கிடைத்தது என்று தேதி முத்திரைகள் இருக்கும். அதை வைத்துத்தான் நாளை எண்ண வேண்டும். மூன்று தடவை எண்ணினேன். வெள்ளிக்கிழமையேதான். மறுநாள் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சார் அப்பீல் மனுவில் கையெழுத்துப் போட்டு முடித்தார். நான் தைத்துக் கட்டினேன். அப்போது சார் தன் மேஜை டிராயரை இழுத்து, பிரித்த கவர் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா. உனக்கு வந்தது."

உள்ளே என் விண்ணப்பம். கூடவே ஒரு சீட்டு: விண்ணப்பதாரர் மூன்று இடங்களில் கையெழுத்திடவில்லை, குறிப்பிட்ட தேதி மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. அந்தத் தேதி அன்றைய தேதி.

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்திலும் சின்னதாகப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. நான் போட்டதுதான். கட்சிக்காரர்கள் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று குமாஸ்தா பென்சிலில் குறித்துக் கொடுப்பது வழக்கம். ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கில் குறித்திருப்பேன். என் சொந்தப் படிவத்திலும் குறித்துவிட்டு, யாரோ வந்து கையெழுத்துப் போடுவார்கள் என்பது மாதிரி அப்படியே அனுப்பித் தொலைத்திருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த மடையனும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. அதற்குக் குமாஸ்தாவாக இருக்க வேண்டும்.

"எப்ப சார் வந்துது?"

"நீ உன் மச்சினன் கல்யாணத்துக்குத் திருநீர்மலை போயிருந்தியே, அப்ப. பத்து நாளாச்சு."

"பத்து நாளா உள்ள வெச்சிருந்தீங்களா?"

"குடுக்க வேணாம்னுதான் வெச்சிருந்தேன். நீ போயிட்டா இந்த ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். அது உனக்கே தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடியலப்பா. நாலு நாளா சாப்பாடே இறங்கல. அதான் குடுத்துட்டேன்."

"யோவ்!" என்று கத்தினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. "கடைசி நாளு ரெண்டு மணிக்குக் குடுத்தா இன்னா அர்த்தம்? நான் செங்கல்பட்டு போறதா, பீச்சுக்குப் போறதா?"

தேர்வு அலுவலகம் பீச் என்று நாங்கள் சொல்லும் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷ நடை. செங்கல்பட்டு இந்தப் பக்கம் தெற்கே, அது அந்தப் பக்கம் வடக்கே, நடுவில் தாம்பரம். இரண்டும் ஐந்து மணியோடு சரி. ஒரே ஆள் இரண்டுக்கும் போக வழியே இல்லை. சார் அப்பீல் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகமாட்டேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது நான் என்ன செய்தாலும் சரி என்று விட்டிருக்கலாம். இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"நீங்க செங்கல்பட்டு போங்க சார்" என்றேன்.

"நானா? எந்த ஜன்னல்ல குடுக்கணும்னுகூட எனக்குத் தெரியாதேப்பா."

"கேட்டுக்கினு போங்க. எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

கட்டை அவர் கையில் திணித்துவிட்டு, என் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன். ஸ்டேஷனில் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடித் தொற்றினேன். மீனம்பாக்கம் வரைக்கும் கோபம் அடங்கவில்லை. அதற்கப்புறம், சொன்னால் என்ன, சந்தோஷமாக இருந்தது. மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்து, பென்சில் குறிகளைப் பார்த்து, "இதெல்லாம் யாருப்பா போட்டது?" என்று சிரித்தார். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஹால் டிக்கெட்டை அங்கேயே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. ஹால் டிக்கெட்டைக் கசங்காமல் வைக்கலாம் என்று கிண்டி தாண்டியதும் பையைத் திறந்தேன். உள்ளே தீர்ப்பின் நகல் இருந்தது. நாள் எண்ணுவதற்கு வீட்டுக்குக் கொண்டுபோன, அப்பீலோடு சேர்த்துத் தைக்க வேண்டிய நகல். அது இல்லாமல்தான் கட்டைத் தைத்திருக்கிறேன். அது இல்லாமல்தான் சார் செங்கல்பட்டு போயிருக்கிறார். மணி ஐந்தே முக்கால்.

ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது சார் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கட்டு மேஜைமேல் அப்படியே இருந்தது.

"நகல் இல்லியேப்பா" என்றார். "நகல் எங்கேன்னு கேட்டாங்க. உள்ளதான் இருக்கும்னு புரட்டினேன், தேடினேன். அப்புறம் சட்டத்துல இதுக்கு இடம் இருக்குன்னு எடுத்துச் சொல்லிக்கிட்டே நின்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

நான் போயிருந்தால் முதல் வேலையாகக் கட்டை நீட்டித் தேதி முத்திரையை வாங்கியிருப்பேன். முத்திரை விழுந்துவிட்டால் போதும். குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள், சரிசெய்து மறுபடி போட்டுக்கொள்ளலாம், நாள் தப்பாது. இது வக்கீலுக்குப் பழக்கமில்லை. குமாஸ்தாவுக்குத் தண்ணிபட்ட பாடு. நான் பையிலிருந்து நகலை எடுத்துக் கட்டின்மேல் வைத்தேன். சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "கையெழுத்துப் போட்டியா?" என்று மட்டும் கேட்டார். "போட்டேன் சார்" என்றேன்.

மறுநாள் காலையில் அக்கா ஆபீஸுக்கு வந்தார். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கூடையைக் கீழே சைக்கிள் கடையில் வைத்துவிட்டு மாடியேறி வந்தார். "இன்னா வக்கீலய்யா, தடை வாங்கிட்டியா?"

சார் எழுந்து நின்றார். கட்சிக்காரருக்கு அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "இல்லம்மா. நேத்து நான்தான் போனேன். என்னால போட முடியல. என் தப்பு. தாமதத்தை மன்னிக்கணும்னு ஒரு மனுவோட திங்கக்கிழமை போடறேன். ஆனா அதுவரைக்கும் தடை இருக்காது."

அக்கா பிடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா கோட்டு மாட்டிக்கினு கீறியே, ஒரு கட்டைக் கொண்டுபோயி குடுக்கத் தெரியாதா உனக்கு? எங்கூட்டு மீனு ஐஸுல வெச்சாகூட ஒரு நாளு தாங்கும். உங்கையில குடுத்த கேஸு அரை நாளு தாங்கலியே! நான் எங்க போயி நிப்பேன்? சொல்லு, எங்க போயி நிப்பேன்?" கத்திக் கத்திக் கடைசியில் அழுதார். சார் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை என் பக்கம் திருப்பிவிடவில்லை.

பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ போயிருந்தா ஆயிருக்கும், இல்ல தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். அடப்பாவி, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப தப்பு உங்களுது" என்றாள்.

"நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சீங்கன்னு யாரு சொன்னாங்க? போயி அந்த அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடுங்க. ரெண்டு தெருதானே."

"பரீட்சை முடியட்டும்" என்றேன். வாய்தா வாங்குவது எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

திங்கட்கிழமை தாமத மனுவோடு அப்பீலை நானே போய்ப் போட்டேன். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் ஒரு புதன்கிழமை அமீனா வந்துவிட்டார். காலையில் நான் ஆபீஸ் கிளம்பும்போது தெருவில் கட்டில், அண்டா, ஐஸ் பெட்டி, சாமி படம், துணி மூட்டை எல்லாம் கிடந்தன. கதவில் பூட்டு. அக்கா ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என் மனைவி எனக்கு முன்னால் அங்கே போயிருந்தாள். "வாங்கக்கா, நம்ம வூட்டுக்கு வந்துடுங்க" என்று அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

பதினெட்டு நாள் அக்கா எங்கள் வீட்டில் இருந்தார். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்த சமயம் அது. சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, மனைவி கேள்வி கேட்பதையும் நான் பதில் சொல்வதையும் கேட்பார். அவருக்கு ஒரே வேடிக்கை. ஆட்டுக் கேள்விக்கு, "ஆட்டுக்காரன்தான் குடுக்கணும், இதுல இன்னா கீது?" என்றார் பட்டென்று. சரியான விடை. அடுத்தது, அடுத்தது என்று ஐந்தாறு கேள்வி சரியாகச் சொன்னார். "பாத்தியா, நானும் வக்கீலுக்குப் படிக்கலாம் போலக் கீதே" என்று சிரித்தார். அத்தனைக்கும் நடுவில் அவர் சிரித்ததுதான் என்னைக் குத்தியது.

ஒருநாள் மனைவி படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தின் நடுவில் நின்றாள். "விதி: ஒருவர் தன் பொறுப்பில் உள்ள பிறர் பொருளை..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டினாள்.

"இன்னாமா, பாதியில வுட்டுட்டே?" என்றார் அக்கா.

"அச்சு சரியா விழலக்கா" என்றாள் அவள்.

அன்றைக்கு அவள் எனக்குச் சாதம் போட்டபோது தட்டு டங்கென்று விழுந்தது. மறுநாள் காலையில் நான் தனியாக அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கவனக்குறைவால் அவருக்கு நஷ்டம் உண்டாக்கினால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு. முன்னால் கைடை வைத்திருந்தவன் அந்தப் பக்கத்திலேயே இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சரியாக டிக் அடித்திருந்தான்.

அக்கா பிறகு சிட்லபாக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனார். போகும்போது, "நல்லா எழுது தம்பி. உன்னாட்டம் ஒருத்தன் வக்கீலா இருந்தா எங்களாட்டம் ஜனம் ஏன் நடுத்தெருவுல நிக்குது?" என்றார். நான் சாமானை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தேர்வில் அதே கேள்வி வரவில்லை. ஆனால் அதே விதி வந்தது, வேறு சம்பவத்தோடு. ஒரு சலவைத் தொழிலாளி, ஒரு பட்டுப்புடவை. மற்ற கேள்விகளுக்கெல்லாம் குமாஸ்தா புத்தி குறுக்கே வந்து, அதை ஓட்டிவிட்டு எழுத வேண்டியிருந்தது. இந்த ஒன்றுக்கு யோசிக்கவே இல்லை. பொறுப்பு, ஆமாம் என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

இடம் கிடைத்தது. முடிவு வந்த அன்று மனைவி சர்க்கரையை என் வாயில் போட்டுவிட்டு, "இப்பவாவது சொல்லிடுங்க" என்றாள். "படிச்சு முடிக்கட்டும்" என்றேன். சாரிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று வருஷமும் கல்லூரி விட்டதும் சாயங்காலத்தில் வந்து அவருக்கு வேலை பார்த்தேன். புதிதாக வந்த குமாஸ்தா நல்ல ஆள்தான். சாரே இப்போது எந்த ஜன்னல், எந்த முத்திரை என்றெல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். செங்கல்பட்டுக்கு இரண்டு மூன்று தடவை தானே போய்த் தாக்கல் செய்துவிட்டு வந்தார். யாரும் கேட்காமலேயே அதைச் சொல்லிக்கொள்வார்.

அக்காவின் தாமதம் மன்னிக்கப்பட்டு அப்பீல் நிலுவையில் கிடந்தது, கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. நான் வக்கீலாகப் பதிவு செய்த வாரமே அக்கா ஆபீஸுக்கு வந்துவிட்டார். நான் கறுப்புக் கோட்டோடு நிற்பதைப் பார்த்து நெட்டி முறித்தார். சாரைப் பார்த்து, "வக்கீலய்யா, தப்பா நெனைக்காத. எங்கேஸை இனிமே தம்பி பாக்கட்டும். உன்கிட்ட குடுத்து நான் பட்டது போதும்" என்றார்.

வக்கீலை மாற்ற வேண்டுமென்றால் பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். சார் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். அக்கா படியிறங்கிப் போன பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்கப்புறம் அதைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான்.

"இல்ல சார். கேஸ் முடியட்டும்."

"ம்" என்றார். "நானும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கல இல்ல? அந்தக் கவரை வெச்சிருந்ததுக்கு."

"வுடுங்க சார்" என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

என் முதல் வழக்கு அது. இராப்பகலாய் உழைத்தேன் என்றால் மிகையில்லை. அக்காவின் புருஷன் பேரில் இருந்த பழைய வரி ரசீதுகளை எங்கெங்கோ தேடிப் பிடித்தேன். வாதத்தின்போது ஒரு தேதியைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. அக்கா ஜெயித்தார். எதிர்த் தரப்பு மேலே போகவில்லை. சாவியைக் கோர்ட் மூலமாக வாங்கி வந்தோம்.

வீடு திரும்பும் நாளில் தெருவே கூடியிருந்தது. நானும் என் மனைவியும் போனோம். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தார். மார்க்கெட்டிலிருந்து நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். "இதோ, இவருதான் எங்க வக்கீலு. இவரு மட்டும் அன்னிக்குக் கட்டைத் தூக்கினு போயிருந்தாருன்னா நான் வூட்டை வுட்டு வெளிய வந்திருக்கவே மாட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"நீ தொற தம்பி. எல்லாரும் கைவுட்டப்ப நீ ஒருத்தன்தான் என்னை வுடல."

என் மனைவி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கேஸ் முடிந்துவிட்டது. வாய்தா வாங்க இனி ஒன்றும் மிச்சமில்லை. சாவியைப் பூட்டில் வைத்துக்கொண்டு, "அக்கா" என்றேன்.

"இன்னா தம்பி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பூட்டு இறுக்கமா இருக்கு" என்றேன்.

இறுக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. சுலபமாகத்தான் திறந்தது.